மாஸ் ஷூட்டிங் கணக்கு: அந்த ஆண்டு நான்கா, முந்நூற்றைம்பதா?

2015 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரு தம்பதி 14 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாரம் அமெரிக்க ஊடகங்களில் இரண்டு எண்கள் சுற்றின. அந்த ஆண்டில் அதுவரை நடந்த மாஸ் ஷூட்டிங், அதாவது ஒரே சம்பவத்தில் பலர் சுடப்படுவது, 350க்கும் மேல் என்றது ஒன்று. நான்கே நான்கு என்றது இன்னொன்று. எது பொய் என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். இரண்டுமே பொய் இல்லை. இரண்டு தரப்பும் தத்தம் விதிப்படி ஒழுங்காகத்தான் எண்ணியிருந்தன. விதிதான் வேறு வேறு.

அமெரிக்கச் சட்டத்தில் ‘மாஸ் ஷூட்டிங்’ என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை கிடையாது. 1980களில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தொடர் கொலைகாரர்களையும் ஒரே நேரத்தில் பலரைக் கொல்பவர்களையும் பிரித்துப் பார்க்க ஒரு கோடு போட்டது: ஒரே சம்பவத்தில் நான்கு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்டால் அது மாஸ் மர்டர். துப்பாக்கிதான் என்றில்லை, எந்த ஆயுதமானாலும் சரி. 2013 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம் ‘மாஸ் கில்லிங்’ என்பதற்கு மூன்று பேர் என்று வைத்தது. அந்தச் சட்டத்தின் வேலை எண்ணுவது அல்ல. மாநிலங்கள் உதவி கேட்டால் மத்திய அமைப்புகள் எப்போது களத்தில் இறங்கலாம் என்று சொல்வது. ஆக, ஊடகங்களும் ஆய்வாளர்களும் இன்று பயன்படுத்தும் ‘நான்கு’, ‘மூன்று’ இரண்டுமே வேறு தேவைக்காகப் பிறந்த எண்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இயற்கையாக எந்த எல்லையும் இல்லை.

இந்த வெற்றிடத்தில் பலர் பட்டியல் தொடங்கினார்கள். இன்று செய்திகளில் அதிகம் அடிபடுவது கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் பட்டியல். சுட்டவரைத் தவிர நான்கு பேர் மீதாவது குண்டு பாய்ந்திருக்க வேண்டும், பிழைத்தாலும் இறந்தாலும் சரி என்பது அதன் விதி. இடம், காரணம் எதையும் அது பார்ப்பதில்லை. இணையத்தில் தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கிய மாஸ் ஷூட்டிங் டிராக்கர் அதே நான்கைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் சுட்டவரையும் சேர்த்து எண்ணும். ஒருவன் மூன்று பேரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டால் டிராக்கரில் ஒரு வரி ஏறும், ஆர்க்கைவில் ஏறாது.

மதர் ஜோன்ஸ் இதழ் 1982 முதலான சம்பவங்களைத் தொகுக்கிறது. பொது இடத்தில் நடந்திருக்க வேண்டும். கொள்ளை, கும்பல் மோதல், வீட்டுக்குள் நடந்த கொலை எல்லாம் வெளியே. முதலில் நான்கு மரணம் என்று வைத்திருந்தவர்கள் 2013 முதல் மூன்றாகக் குறைத்தார்கள். ‘நான்கே நான்கு’ என்ற எண் இவர்களுடையது. அசோசியேட்டட் பிரஸ், யுஎஸ்ஏ டுடே, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்தும் பட்டியல் 2006இல் தொடங்குகிறது. 24 மணி நேரத்துக்குள் நான்கு பேர் கொல்லப்பட்டால் போதும், ஆயுதமும் இடமும் எதுவானாலும் அது எடுத்துக்கொள்ளும்.

எஃப்.பி.ஐ. வெளியிடும் ‘ஆக்டிவ் ஷூட்டர்’ அறிக்கை இவை எதனோடும் ஒட்டாது. மக்கள் புழங்கும் இடத்தில் ஒருவரோ பலரோ ஆட்களைக் கொல்லவோ கொல்ல முயலவோ செய்தால் அது ஆக்டிவ் ஷூட்டர் சம்பவம். ஒருவர்கூட இறக்காவிட்டாலும் கணக்கில் வரும். ஆனால் கும்பல் சண்டை, போதைப்பொருள் தகராறு போன்றவற்றை அறிக்கை தயாரிப்பவர்களே ஒதுக்கிவிடுவார்கள். 2021இல் இந்த அறிக்கை 61 என்றது. அதே ஆண்டுக்கு கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் காட்டுவது 690 அளவில். இந்த 61ஐ ‘அரசே ஒப்புக்கொண்ட மாஸ் ஷூட்டிங் எண்ணிக்கை’ என்று பகிர்பவர்களை நிறையப் பார்க்கலாம். அது அந்தக் கேள்விக்கான பதிலே இல்லை.

எல்லா விதிகளிலும் பெரிய பிளவு, இறந்தவர்களை எண்ணுவதா, குண்டு பட்டவர்களை எண்ணுவதா என்பதில்தான் விழுகிறது. 2019 ஜூலையில் கலிபோர்னியாவின் கில்ராய் பூண்டுத் திருவிழாவில் மூன்று பேர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். நான்கு மரணம் என்ற விதியில் அது மாஸ் ஷூட்டிங்கே அல்ல. 2024 பிப்ரவரி 14 அன்று கன்சாஸ் சிட்டியில் அமெரிக்கக் கால்பந்து வெற்றிப் பேரணி முடியும் நேரத்தில் 20 பேருக்கு மேல் குண்டடி பட்டார்கள். இறந்தது ஒருவர். மூன்று மரணம் என்று இறக்கினாலும் அது நுழையாது.

மரணத்தை மட்டும் எண்ணுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. மரணத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது, பின்னால் யாரும் மறுக்க முடியாது. காயத்தின் எண்ணிக்கை அப்படியில்லை. முதல் மணி நேரத்தில் ஒன்று, மறுநாள் ஒன்று, மாவட்ட வழக்கறிஞரின் குற்றப்பத்திரிகையில் ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் மரணத்தை மட்டும் வாசலாக வைப்பது தவறான தேர்வு என்றே கருதுகிறேன். குண்டு பட்டவர் பிழைப்பதும் இறப்பதும் சுட்டவனின் நோக்கத்தால் மட்டும் முடிவாவதில்லை. குண்டு இரண்டு அங்குலம் தள்ளிப் பாய்ந்ததா, பக்கத்தில் இருந்தவருக்கு ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப்போடத் தெரிந்ததா, விபத்து சிகிச்சை மையம் பத்து நிமிடத் தொலைவில் இருந்ததா என்பவை முடிவு செய்கின்றன. அறுவை சிகிச்சை மேம்பட்டால் மரணக் கணக்குப் பட்டியல் தானாகச் சுருங்கும். துப்பாக்கிச்சூடு குறைந்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

காயத்தை எண்ணுவது என்று முடிவெடுத்தாலும் எது காயம் என்று எழுதிவைக்காமல் தொடங்கக் கூடாது. 2017 அக்டோபர் 1, லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் நடந்த துப்பாக்கிச்சூடு. காயமடைந்தவர்கள் 860க்கும் மேல் என்று செய்தி. அதில் குண்டோ குண்டுச் சிதறலோ பட்டவர்கள் 400க்குச் சற்று அதிகம். மற்றவர்கள் ஓடும்போது விழுந்தவர்கள், மிதிபட்டவர்கள், வேலி ஏறிக் கிழிபட்டவர்கள். அவ்வளவு பெரிய சம்பவத்தில் இந்த வித்தியாசம் ‘உள்ளே, வெளியே’ என்ற முடிவை மாற்றாது. ஆனால் பட்டியலில் பெரும்பகுதி நான்கு, ஐந்து பேர் அடிபட்ட சிறிய சம்பவங்கள்தான். மூன்று பேருக்குக் குண்டு பாய்ந்து, நான்காமவர் ஓடும்போது கால் உடைந்திருந்தால் விதியின் ஒரே ஒரு சொல் முடிவைப் புரட்டிவிடும்.

செய்திகளில் வரும் ஒரு வாக்கியம் இப்படி எண்ணிப் பட்டியலிடும் வேலையில் இருப்பவர்களைத் தினமும் படுத்தும்: “ஐந்து பேர் சுடப்பட்டனர், இருவர் பலி.” அந்த ஐந்தில் இருவர் அடக்கமா, அல்லது மொத்தம் ஏழா? சுட்டவனும் அந்த இருவரில் ஒருவனா? தலைப்பை வைத்துப் பதிவு செய்தால் பிழை நிச்சயம். காவல்துறையின் அறிக்கையைத் தேடிப் படிக்க வேண்டும். அதிலும் தெளிவில்லை என்றால் அடுத்த நாள் மருத்துவமனை கொடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

ஆயுதம் கலந்தால் குழப்பம் கூடும். 2014 மே 23 அன்று கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். மூவர் கத்தியால், மூவர் துப்பாக்கியால். காயமடைந்த 14 பேரில் பாதிப்பேர் குண்டடி பட்டவர்கள், பாதிப்பேர் காரால் இடிக்கப்பட்டவர்கள். ஆறு மரணம் என்பதால் மாஸ் கில்லிங் பட்டியலில் வரும். குண்டு பட்டவர்கள் பத்துப் பேர் என்பதால் ஆர்க்கைவ் விதியிலும் வரும். ஆனால் ‘நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட வேண்டும்’ என்று கறாராக எழுதிய விதியில் வராது. சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் மூவர்தான். நாடே பேசிய சம்பவம் அது.

ஒரு சம்பவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அடுத்த சிக்கல். 2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். காலை ஏழேகால் மணி அளவில் விடுதியில் இருவர். இரண்டரை மணி நேரம் கழித்து வகுப்பறைக் கட்டடமான நாரிஸ் ஹாலில் 30 பேர். எல்லோரும் 32 என்றே சொல்கிறோம், சொல்வதும் சரி. ஆனால் ‘ஒரே இடம், இடைவெளி இல்லாமல்’ என்று விதி வைத்தவர் அதைப் படித்துப் பார்த்தால் விடுதி தனிக்கொலை ஆகிவிடும். 2012இல் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக்கில் 26 பேர் பள்ளியில் இறந்தார்கள். அதற்கு முன் சுட்டவனின் தாய் வீட்டில் கொல்லப்பட்டார். அதனால்தான் 26, 27, சுட்டவனையும் சேர்த்து 28 என்று மூன்று எண்கள் புழங்குகின்றன. 2021 மார்ச்சில் அட்லாண்டா பகுதியில் மூன்று ஸ்பாக்களில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். முதல் ஸ்பா வேறு கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு), வேறு காவல்துறை. இரண்டு துறைகளும் தனித்தனி வழக்கு எண் போட்டிருக்கும். தானியங்கி முறையில் காவல்துறைப் பதிவுகளை அள்ளினால் ஒரு சம்பவம் இரண்டாக உடையும். 24 மணி நேரம் என்ற வரம்பு இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்க்கிறது. 2002இல் வாஷிங்டன் பகுதியில் மூன்று வாரங்களாக ஒவ்வொருவராகப் பத்துப் பேரைக் கொன்ற ஸ்னைப்பர் சம்பவம் அந்த வரம்பில் சரியாகவே வெளியே நிற்கும்.

மரணம் உறுதியான எண் என்று மேலே சொன்னேன். அதுவும் நகரும். டெக்சாஸின் எல் பாஸோவில் நடந்த துப்பாக்கிச்சூட்டின் மரண எண் 2019 ஆகஸ்டில் 22 ஆக இருந்தது, சிகிச்சையில் இருந்த ஒருவர் 2020 ஏப்ரலில் இறந்ததும் 23 ஆனது. லாஸ் வேகஸ் 58 பின்னால் 60 ஆயிற்று. 1966இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து சுடப்பட்ட ஒருவர் 2001இல் சிறுநீரகப் பாதிப்பால் இறந்தபோது அது கொலை என்றே சான்றளிக்கப்பட்டது. 35 ஆண்டு இடைவெளி. 2017இல் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர் என்ற அதிகாரபூர்வ எண்ணில் வயிற்றில் இருந்த ஒரு சிசுவும் அடக்கம்.

இனி இடமும் காரணமும். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மனிதர்கள் பட்டியலிலிருந்து மொத்தமாகக் காணாமல் போகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1999 முதல் 2013 வரை, நான்கு பேரோ மேலோ சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவங்கள் 317. அதில் ‘பொது இடம், ஓரளவு ஆள் பார்க்காமல் சுட்டது’ என்ற வகையில் அடங்குபவை 66. ஆண்டுக்குச் சராசரி நான்கரைகூட இல்லை. குடும்பத்துக்குள் நடந்தவை ஆண்டுக்கு எட்டரை. கொள்ளை, கும்பல் மோதல் போன்ற பிற குற்றங்களோடு நடந்தவை எட்டுச் சொச்சம். இந்தப் ‘பொது இட’ வகையை மட்டும் எண்ணினால் ஐந்தில் நான்கு பங்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது.

தள்ளப்படுபவர்களில் பலர் சுட்டவரின் மனைவியும் குழந்தைகளும். 2014 முதல் 2019 வரை நான்கு பேராவது கொல்லப்பட்ட சம்பவங்களை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவற்றில் 59 விழுக்காடு குடும்ப வன்முறையோடு தொடர்புள்ளவை என்று கண்டது. சுட்டவரின் முந்தைய குடும்ப வன்முறை வரலாற்றையும் சேர்த்தால் 68 விழுக்காடு. பொது இடப் பட்டியலை மட்டும் வைத்துத் துப்பாக்கிக் கொள்கை பேசுபவர் இந்தத் தகவலைக் கண்ணால் பார்க்கவே மாட்டார்; அவர் கையில் உள்ள பட்டியலில் அது இல்லை. முன்பின் தெரியாதவன் கடைக்குள் வந்து சுடும் ஆபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், அதற்கான கட்டட வடிவமைப்பையும் காவல் பயிற்சியையும் திட்டமிட வேண்டும் என்றால் பொது இடப் பட்டியல்தான் பொருத்தம். நீதிமன்றத் தடையாணை உள்ள ஒருவர் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்பது கேள்வி என்றால் அது உதவாது.

கும்பல் மோதலை ஒதுக்குவதில் வேறொரு பழுது. யார் சுட்டார் என்றே தெரியாத வழக்குகள் ஏராளம். ஆள் பிடிபடாதபோது காரணம் எப்படித் தெரியும்? அப்போது பட்டியல் எழுதுபவர் ஊகிக்கிறார், பெரும்பாலும் அந்தத் தெருவின் பெயரை வைத்து. ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழும் பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஆறு பேர் சுடப்பட்டால் ‘கும்பல் சம்பவமாக இருக்கலாம்’ என்ற ஒற்றை வரியோடு அது மறைந்துவிடுகிறது. இதை ஏற்க முடியாது. ‘காரணம் தெரியவில்லை’ என்று தனி வகை வைத்து அதிலேயே விட்டுவிடுவதுதான் நேர்மை.

அரசே எண்ணினால் என்ன என்று கேட்பார்கள். எஃப்.பி.ஐ.யின் கொலைப் பதிவுகள் காவல்துறைகள் விரும்பி அனுப்பினால் மட்டும் வருபவை. புளோரிடா 1990களின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் விவரக் கொலைப் பதிவுகளை அனுப்பவில்லை. ஆகவே 2016இல் 49 பேர் இறந்த, அம்மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் நடந்த பல்ஸ் இரவு விடுதிச் சம்பவத்தை அதில் தேடக் கூடாது. பழைய பதிவுமுறையில் ஒரு சம்பவத்துக்கு 11 பலிகள்தான் எழுத இடம். 2021இல் புதிய முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய துறைகளே அந்த ஆண்டு எண்களை அனுப்பவில்லை. பதிவாகும் இடமும் ஏமாற்றும். 2012க்கான எஃப்.பி.ஐ. அட்டவணையில், சாண்டி ஹூக் பள்ளி இருந்த நியூடவுன் ஊருக்கு நேரே கொலை பூஜ்யம் என்று இருக்கும். சாண்டி ஹூக் வழக்கை நடத்தியது கனெக்டிகட் மாநிலக் காவல்துறை, எனவே அந்த மரணங்கள் மாநிலக் கணக்கில் ஏறின. அந்தப் பூஜ்யத்தைக் காட்டி ‘அப்படி ஒன்று நடக்கவே இல்லை’ என்று பரப்பியவர்கள் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்குச் செய்தது கொடுமை.

படிவம் நிரப்புவதிலும் பிழை வரும். 2015-16 கல்வியாண்டில் ஏறக்குறைய 240 பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடந்ததாக மத்தியக் கல்வித்துறையின் தரவு சொன்னது. என்.பி.ஆர். வானொலி பள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொடர்பு கொண்டு விசாரித்ததில் உறுதியானவை 11. ஒரு பள்ளி மாவட்டம் தவறான வரியில் எண்ணை நிரப்பியதால் அங்கே மட்டும் 37 சம்பவங்கள் முளைத்திருந்தன. மறுபக்கம், 2018இல் புளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் ‘இந்த ஆண்டின் 18ஆவது பள்ளித் துப்பாக்கிச்சூடு’ என்று பரவிய எண்ணில், ஏற்கெனவே மூடப்பட்ட ஒரு பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் நடந்த தற்கொலையும் இருந்தது.

செய்திகளை வைத்து எண்ணும் பட்டியல்களுக்கும் குறை உண்டு. இன்று சிற்றூரில் நாலு பேர் காயமடைந்தாலும் இணையத்தில் கிடைத்துவிடும். 1985இல் நடந்தது உள்ளூர்த் தாளோடு போயிருக்கும். நீண்ட காலப் போக்கைப் பார்க்கும்போது இந்த ஒரு காரணத்தாலேயே கோடு மேல்நோக்கி ஏறும். நான்கு மரணமோ அதற்கு மேலோ என்று மட்டும் வடிகட்டினால் இந்தச் சாய்வு குறையும். பெரிய சம்பவங்கள் அந்தக் காலத்திலும் தப்பியிருக்காது.

நீங்களே இதைத் தொகுக்கப் போகிறீர்கள் என்றால், எழுதுகிற படிவத்தில் ‘பாதிக்கப்பட்டோர்’ என்று ஒரே கட்டம் வைக்காதீர்கள். சுட்டுக் கொல்லப்பட்டோர், வேறு வழியில் கொல்லப்பட்டோர், குண்டு பட்டுப் பிழைத்தோர், பிற காயம், சுட்டவரின் நிலை என்று ஐந்தாகப் பிரியுங்கள். இடத்தின் வகை, சுட்டவருக்கும் பலியானவர்களுக்கும் உள்ள உறவு, தொடக்க நேரம், முடிந்த நேரம், கடைசியாகச் சரிபார்த்த தேதி, இவையும் வேண்டும். தெரியாததைப் பூஜ்யம் என்று நிரப்பக் கூடாது, காலியாக விடவும் கூடாது. ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். பின்னால் இறந்தவரின் மரணத் தேதியைத் தனியாகக் குறித்து, சம்பவத்தை அது நடந்த ஆண்டிலேயே வையுங்கள். மூன்றாம் நாள், முப்பதாம் நாள், ஓர் ஆண்டு கழித்து என்று மூன்று முறை திரும்பப் பாருங்கள். ஒரே சம்பவம் நகரத்தின் பெயரில் ஒன்றும் கவுன்ட்டியின் பெயரில் ஒன்றுமாக இரண்டு முறை ஏறுவது சகஜம். நள்ளிரவைத் தாண்டிய சம்பவங்கள் இரண்டு தேதிகளில் ஏறும். இப்படிப் பிரித்து வைத்தால் யாருடைய வரையறையையும் பிறகு வடிகட்டிக்கொள்ளலாம். எண்ணும்போதே வரையறையைப் புகுத்தினால் திரும்பிப்போக வழியில்லை. மதர் ஜோன்ஸ் பட்டியலை எடுத்து 2013க்கு முன், பின் என்று ஒப்பிடுபவர்கள் முதலில் முழுப் பட்டியலையும் நான்கு மரணம் என்று வடிகட்டாவிட்டால், வரையறை மாற்றத்தையே வன்முறை அதிகரிப்பாகப் படித்துவிடுவார்கள்.

நாடுகளை ஒப்பிடும்போது சராசரியை நம்பாதீர்கள். கிரைம் ப்ரிவென்ஷன் ரிசர்ச் சென்டர் என்ற அமைப்பு 2009 முதல் 2015 வரை எடுத்து, மக்கள்தொகைக்கு ஏற்ற மரண விகிதத்தில் நார்வேயை முதலிடத்தில் வைத்தது. அமெரிக்கா பல இடங்கள் கீழே. கணக்கில் கூட்டல் பிழை இல்லை. 2011 ஜூலையில் ஊட்டோயா தீவில் 69 பேர் இறந்தார்கள். ஐம்பது லட்சம் பேர் உள்ள நாடு. ஏழால் வகுத்தால் பெரிய விகிதம் வரும். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் நார்வேயின் மொத்த எண்ணிக்கையையும் தந்தது ஒரே நாள். ஆண்டுவாரியாக இடைநிலை மதிப்பை (ஆண்டு எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுத்தால் நார்வே பூஜ்யம். அமெரிக்காவில் பூஜ்யமான ஆண்டே இருக்காது.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830. அதில் தற்கொலை 26,328, கொலை 20,958. எல்லாவற்றிலும் அகலமான ஆர்க்கைவ் விதியை எடுத்தாலும் மாஸ் ஷூட்டிங்கில் இறந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர், கொலைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு. ஆகவே மாஸ் ஷூட்டிங் எண்ணை மொத்தத் துப்பாக்கி வன்முறையின் அளவுகோலாக வைத்துப் பேசும் கட்டுரை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தவறானது.

ஓர் எண்ணைப் பகிர்வதென்றால் இப்படி எழுதலாம்: “கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் கணக்குப்படி, சுட்டவரைத் தவிர நான்கு பேருக்கோ அதற்கு மேலோ குண்டு பட்ட சம்பவங்கள் 2023இல் அமெரிக்கா முழுவதும் 650க்கு மேல், வீடு, தெரு, பொது இடம் எல்லாம் சேர்த்து.” நீளமான வாக்கியம்தான். யார் எண்ணியது, யாரைச் சேர்த்தது, யாரை விட்டது, எந்த ஆண்டு என்ற நான்கில் ஒன்றை வெட்டினாலும் வாசிப்பவர் அந்த இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்வார்.